அப்பாவின் மேசைக்கு ஒரு ஜாக்கி

முட்டி வலிக்காத ஆள் நம் வயசுச் செட்டில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். தூக்க மாட்டீர்கள், தெரியும். போன மாதம் கோயிலில் விழுந்து கும்பிட்ட அத்தனை பேரும் எழுந்திருக்கத் தூணைத் தேடியதைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, ஆனால் நான் பிடித்திருந்த தூணை விட்டுவிட்டுச் சிரிக்க எனக்கும் தைரியமில்லை.

முட்டி வலி வந்தால் எனக்கு அப்பா ஞாபகம் வருவார். அதுவும் ஒரு வருஷக் கடைசிதான் வரும். தொண்ணூறுகளின் தொடக்கம். ஆறாம் வகுப்புச் சோதனை எழுதி முடித்துவிட்டு, இடைநிலைப் பள்ளிக்குப் போவேனா மாட்டேனா என்று தெரியாமல் நான் உலாத்திக்கொண்டிருந்த மாதங்கள்.

அப்பா செலண்டார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரில் வேலை செய்தவர். ஒரு மழை நாளில் டிராக்டர் சரிவில் சாய்ந்து, அவருடைய வலது முட்டி அடியில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். முட்டிதான் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. நிற்பார், மெதுவாக நடப்பார், மண்டி போட முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தக் கால் மட்டும் நேராக நீட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவரைத் தடுக்கிவிடும். அதற்கு அவரே "டோல் கேட்டு" என்று பெயர் வைத்திருந்தார்.

தோட்டத்து வேலை போனதும், செம்மண் பாதையோரத்தில் ஒரு பலகை வீட்டுக்குக் குடிவந்தோம். பின்னால் தகரக் கொட்டாய். அப்பாவுக்கு ஏற்கெனவே கைவேலை உண்டு. சாமி மேடை செய்ய ஆரம்பித்தார். அந்த வருஷங்களை நினைத்துப் பாருங்கள், நம் சனங்கள் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உட்கார நாற்காலி இருக்காது, ஆனால் புதுவீட்டில் கோபுரம் வைத்த சாமி மேடை இருந்தாக வேண்டும். ஓரமெல்லாம் பூ வேலை, அலை வேலை இருந்தாக வேண்டும்.

அந்த ஓர வேலைக்குத்தான் ரௌட்டர் மிஷின். அதன் வாயில் சின்னக் கத்தியைப் பொருத்தினால், அது சுழன்று பலகை ஓரத்தை வளைவு வளைவாக இழைத்துக்கொடுக்கும். கையில் பிடித்துக் குனிந்து ஓட்ட அப்பாவால் முடியவில்லை. அதனால் ஒரு பழைய மிஷினை வாங்கி, மேசைக்கு அடியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். மேசைப் பலகையில் ஒரு ஓட்டை. அதன் வழியாகக் கத்தி மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். அப்பா நின்றபடி பலகையை அதன்மேல் தள்ளிக்கொண்டே போவார். ஒரே ஒரு சங்கடம். கத்தியின் உயரத்தை மாற்ற வேண்டுமென்றால் யாராவது மேசைக்கு அடியில் போய், திருகைத் தளர்த்தி, மிஷினைக் கையால் தூக்கிப் பிடித்து, மறுபடி பூட்ட வேண்டும். அப்பாவால் அடியில் போக முடியாது. நான் போனேன்.

பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் பழைய பாத்தேக் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு நுழைந்துவிடுவேன். அங்கே எப்போதும் மாலை வெளிச்சம்தான். மெராந்தி மரத்தூள் செக்கச்செவேல் என்று தொடை வரை குவிந்து கிடக்கும். ஓடி ஓய்ந்த மிஷினின் சூடு முகத்தில் அடிக்கும். மேலேயிருந்து அப்பாவின் குரல் மட்டும் வரும்.

"ஏத்து பாப்பா. இன்னும். அய்யோ, ரொம்ப! எறக்கு, எறக்கு. ஆங், அங்கயே. பூட்டு."

பூட்டிவிட்டு வெளியே வருவேன். இரண்டு பலகை ஓடும். மறுபடி உள்ளே. வாயெல்லாம் மரத்தூள் கசக்கும். எனக்கு அந்த வருஷம் முழுக்க இருமல். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஐஸ் கச்சாங் தின்றதுதான் காரணம் என்று அம்மா முடிவு கட்டி, எனக்கு ஐஸ் கச்சாங்கை நிறுத்திவிட்டார். கொட்டாயில் தூள் பறந்துகொண்டே இருந்தது, வீட்டில் கஷாயம் கொதித்துக்கொண்டே இருந்தது. பெரியவர்கள் நல்லவர்கள்தான். எதை நிறுத்த வேண்டும் என்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம்.

சோதனை முடிந்த வாரம் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன், தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா படுத்துக் கிடந்த காலத்தில் எங்கள் வீட்டு அரிசி அவர் தோளில்தான் வந்தது. அந்த உரிமையில் எங்கள் வீட்டு முடிவுகளையும் அவரே எடுப்பார்.

இடைநிலைப் பள்ளி தூரம், எங்கள் பாதைக்குப் பள்ளி பஸ்ஸும் கிடையாது. நான் மேலே படிக்க வேண்டுமென்றால் புக்கிட் பெருவாங்கில் இருந்த சின்னம்மா, அம்மாவின் தங்கை, வீட்டில் தங்கித்தான் படிக்க வேண்டும். சின்னம்மா எப்போதோ சரி சொல்லிவிட்டார். பெரியப்பா சொல்லவில்லை.

"ஆறாவது முடிச்சிட்டால்ல, போதும் தம்பி. இவளும் அங்க போயிட்டா மேசைக்கடியில ஒனக்கு யாரு? நீயா மண்டி போடப் போற?"

அப்பா தரையைப் பார்த்தார். கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் சொன்னார்.

"அவ போவா."

"எப்படிம்மா போவா? வேலைய யாரு பாக்கறது?"

"அது தெரியல. ஆனா அவ போவா."

அம்மா தோட்டத்தில் உரம் போடுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரால் கொட்டாயில் உட்கார முடியாது. வேறு ஆள் வைக்கவும் வழியில்லை. அன்று நான் கொட்டாய்க்குள் போய், மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுதேன். அழுவதற்கும் எனக்கு அந்த இடம்தான் கிடைத்தது என்பதில் கோபம் வந்தது. அந்தக் கோபம் நல்லதுக்குத்தான் வந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, செலண்டாரில் ஒரு கார் பட்டறையில் வேலை செய்தார். மஸ்ஜித் தானாவில் ஒரு கடைக்காரர் தன் கடைக்குச் சாமி மேடை கேட்டார் என்று அளவெடுக்கப் போனோம். மாமா கார் ஓட்டினார், அளவு எழுத நான். திரும்பும் வழியில் டயர் பஞ்சர். மாமா ஒரு ஜாக்கியை எடுத்துக் காருக்கு அடியில் வைத்தார். பட்டம் மாதிரி நாலு மூலை உள்ள இரும்புச் சாமான். நடுவில் ஒரு நீளத் திருகு. அதைச் சுற்றச் சுற்ற ஜாக்கி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர, அதோடு காரும் எழுந்தது. மாமா காருக்கு அடியில் போகவில்லை. வெளியே நின்றபடி கம்பியைச் சுற்றினார், அவ்வளவுதான்.

"மாமா, காரையே தூக்குதே. அப்பா மிஷின தூக்காதா?"

"மிஷின் என்னலா, ஒங்கப்பாவையே தூக்கும்!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. டயரை மாட்டாமல் அந்த ஜாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த லோரிக்காரன் ஹார்ன் அடித்த பிறகுதான் நினைவு வந்தது.

பட்டறையில் கிடந்த பழைய ஜாக்கி ஒன்றோடு மாமா அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். அப்பா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இது என்ன மச்சான், மயிரிழை ஏத்தற வேலைக்குக் காரு ஏத்தற சாமானா? போங்கலா ரெண்டு பேரும்."

நாங்கள் போகவில்லை. மிஷினை ஒரு பலகைக் கூட்டுக்குள் இறுக்கி, அதன் அடியில் ஜாக்கியை வைத்தோம். ஜாக்கியின் திருகோடு ஒரு நீளக் கம்பியைப் பற்றவைத்து, மேசையின் பக்கப் பலகையில் ஓட்டை போட்டு வெளியே எடுத்தோம். கம்பி முனையில் சுற்றுவதற்குப் பிடி வேண்டும். அம்மா எழுந்து போனார். வெள்ளத்தில் நனைந்து துருப்பிடித்துப்போன தன் தையல் மிஷினின் கைச்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மாமா மடியில் போட்டார். கல்யாணத்துக்கு அவர் கொண்டுவந்த மிஷின் அது. கருப்புச் சக்கரம், விளிம்பில் பொன்னிறக் கோடு. இன்றைக்கு அது எங்கே போயிற்றோ, யாரைக் கேட்டாலும் தெரியவில்லை.

முதல் சுற்றிலேயே மானம் போயிற்று. ஜாக்கி ஏறியது, மிஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கத்தி ஓட்டையின் ஓரத்தில் போய் இடித்தது. இஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

"என்னா இது, சாமி ஊர்வலமா? இப்படி ஆடுது?"

ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் சட்டம் அடித்தோம். இப்போது ஆடவில்லை. ஆனால் பாதி ஏறியதும் சக்கரம் சுற்ற மறுத்தது. மாமா முக்கினார், முனகினார், ஜாக்கியைத் திட்டினார். நான் பழக்கதோஷத்தில் அடியில் போய்ப் பார்த்தேன். ஜாக்கி உயரும்போது நடுவில் இருக்கும் திருகும் கூடவே உயர்கிறது. திருகு உயர்ந்தால் கம்பியும் உயர வேண்டும். பக்கப் பலகையில் நாங்கள் போட்டதோ வட்ட ஓட்டை. கம்பி அதில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

"மாமா, ஓட்டைய மேல நோக்கி நீளமா வெட்டணும்!"

மாமா வெட்ட ஆரம்பித்தார். கார் பட்டறைக்காரர் மரத்தில் கை வைத்தால் எப்படி இருக்கும்? ரம்பம் கோணலாகப் போயிற்று. அப்பாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாமானைக் கேலி செய்யலாம், அவரால் கோணல் வெட்டைச் சகிக்க முடியாது.

"குடுலா இங்க," என்று எழுந்து வந்தார்.

அதற்குப் பிறகு அது அப்பாவின் வேலை ஆகிவிட்டது. எங்கள் சட்டங்களைப் பிடுங்கி எறிந்தார். கெட்டி மரத்தில் இரண்டு தண்டவாளம் இழைத்து, அவற்றுக்கு நடுவே மிஷின் கூடு ஆடாமல் அசையாமல் வழுக்கி ஏறி இறங்கும்படி செய்தார். உரசும் இடத்தில் மெழுகுவர்த்தி தேய்த்தார். கடைசியில் நின்றபடியே சக்கரத்தைச் சுற்றினார். மேசை ஓட்டையில் கத்தியின் நுனி தலை காட்டியது. இன்னும் சுற்றினார், இன்னும் வந்தது. எதிர்ப்பக்கம் சுற்றினார், பதுங்கியது.  ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, சின்னப் பிள்ளை மாதிரி விளையாடிக்கொண்டிருந்தார்.

அம்மா சும்மா இருப்பாரா? அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, அப்ப அவ போகலாம்ல?"

"இது தாங்குமான்னு பாக்கணும்லா. புக்கிட் பெருவாங் வீட்டு மேடைய இவ கீழ போகாம முடிச்சிட்டேன்னா, போகட்டும்."

அங்கே புதுவீட்டுக்குக் குடிபோகிற ஒரு குடும்பம் கேட்டிருந்த மேடை அது, பெரிய வேலை. மூன்றடுக்கு, தூண், கோபுரம், ஓரமெல்லாம் மூன்று விதமான அலை. கத்தியை எத்தனையோ தடவை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். பெரியப்பாவிடமும் அப்பா அதையே சொன்னார். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "பாப்போம்" என்றார்.

அந்த வேலை தொடங்குவதற்குள் ஆயுத பூஜை வந்தது. நம் ஆட்களின் ஆயுத பூஜை உங்களுக்குத் தெரியும். அரிவாள் முதல் சைக்கிள் பம்பு வரை பொட்டில்லாமல் எதுவும் இருக்காது. அம்மாவுக்கு அந்த வருஷம் கும்பிட வேண்டிய தெய்வம் ஒன்றே ஒன்றுதான், அது மேசைக்கு அடியில் இருந்தது. அழுக்கும் கிரீசுமாக இருக்கிற சாமானை எப்படிச் சாமி முன் வைப்பது? சவுக்காரத் தூள் போட்டு, துணியால் திருகின் இடுக்கு இடுக்காகத் துடைத்து, ஒரு பொட்டுக் கிரீஸ் இல்லாமல் கழுவினார். பிறகு சந்தனத்தைக் குழைத்து, ஜாக்கியின் நாலு கையிலும், நீளத் திருகிலும் முழுக்கப் பூசினார். மேலே குங்குமம். எலுமிச்சம்பழம். செவ்வந்திச் சரம். கற்பூரம் காட்டியபோது அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. நானும் மனசார வேண்டிக்கொண்டேன். அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது என்பதால் யாரும் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த ஆயுதத்தை எடுத்து முதல் வேலை தொடங்குகிற நாள். அன்றைய முதல் வெட்டு நன்றாக அமைந்தால்தான் வருஷம் நன்றாகப் போகும் என்று நம்புகிறவர்கள் நாம். பெரியப்பா வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா பட்டுச்சேலை. அப்பா புது மேடைக்கான முதல் பலகையைக் கும்பிட்டு எடுத்து, சக்கரத்தில் கை வைத்தார்.

சக்கரம் அசையவில்லை. பலமாகச் சுற்றினார். கரகரவென்று ஒரு சத்தம், அரைச் சுற்று, அப்புறம் கல். இரவெல்லாம் காய்ந்த சந்தனம் திருகின் பல்லுக்கெல்லாம் இடையே இறுகிப் போயிருந்தது. கிரீஸும் இல்லை.

பெரியப்பா பெருமூச்சு விட்டார். "சாமியே பூட்டு போட்டுடுச்சி தம்பி. அதுக்கு மேல நாம என்னா?"

அப்பாவின் கை சக்கரத்திலேயே இருந்தது. நெற்றியில் வேர்த்திருந்தது. முதல் வெட்டு போகாமல் அந்த நாளைக் கழியவிட அவருக்கு மனமில்லை. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பாப்பா, கீழ போ. ஜாக்கிய நவுத்திட்டு, கையால ஏத்து. இன்னிக்கி மட்டும்."

அந்த 'இன்னிக்கி மட்டும்' எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அது என் கல்யாணம் வரை நீளும். அப்பா சொல்லி நான் ஒரு வேலையும் தட்டியதில்லை. அன்றைக்கு என் கால் நகரவில்லை.

"போமாட்டேன்ப்பா."

"என்னாடி?" என்று பெரியப்பா எழுந்தார்.

"போமாட்டேன். நான் போனா அப்பறம் வெளிய வரவே முடியாது."

 அப்பாவின் முகம் போன போக்கை நான் இப்போதுதான் சரியாகப் புரிந்துகொள்கிறேன். அன்று அது கோபம் என்று நினைத்தேன். பெற்ற மகளைத் தூளுக்குள் தவழச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்த மனிதருக்குள் என்னவோ அறுந்திருக்கிறது. நானோ அவர் மேலேயிருந்து அதிகாரம் செய்கிறார் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மா பொங்கல் தட்டைக் கீழே வைத்தார். "ஏங்க, அந்தப் பிளக்கப் புடுங்குங்க," என்றார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்படியே மேசைக்கு அடியில் மல்லாக்கப் படுத்துவிட்டார்.

"சாமி சந்தனத்தச் சொரண்டாதம்மா, பாவம்!" என்று பெரியப்பா கத்தினார்.

பெரியப்பாவின் முன்னால் குரல் உயர்த்தாத அம்மா, மேசைக்கு அடியிலிருந்து பதில் சொன்னார்.

"வச்சது நான். எடுக்கறதும் நான்தான். சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க ஒக்காந்து பொங்கல் சாப்புடுங்க."

பெரியப்பா உட்கார்ந்தார். அப்பா பிளக்கைப் பிடுங்கினார். நான் ஓடிப்போய் மண்ணெண்ணெய்யும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் கொண்டுவந்தேன். அம்மா சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, திருகின் ஒவ்வொரு பல்லாகச் சந்தனத்தை நெம்பி எடுத்தார். அது அவர் முகத்திலேயே கொட்டியது. அப்பா மேலே நின்றபடி, "அவசரப்படாத, பல்லு பல்லா பாத்து எடு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவரே நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் போய், அம்மாவின் தையல் மிஷின் எண்ணெய் டப்பாவைத் தேடி எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது என் கையை ஒரு அழுத்து அழுத்தினார்.

எண்ணெய் விட்டு, அம்மா வெளியே வந்தார். பட்டுச்சேலை பாழ். தலையில் மரத்தூள், மூக்கில் சந்தனம், கன்னத்தில் துரு. அப்பா சக்கரத்தைச் சுற்றினார். முதலில் முனகியது. பிறகு வழவழவென்று சுற்றியது. கத்தி எட்டிப் பார்த்தது. இரும்புக் கோலை வைத்து அளந்தார், ஒரு மயிரிழை ஏற்றினார், பிளக்கைச் செருகினார். கொட்டாயே அதிர்ந்தது. பலகை போய்த் திரும்பி வந்தபோது ஓரத்தில் அலை வேலை எண்ணெய் தடவின மாதிரி மின்னியது. பெரியப்பா விரலால் தடவிப் பார்த்தார். பார்த்துவிட்டு, பொங்கலை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

அதற்குப் பிறகு அந்த மேடை முடியும் வரை நான் கொட்டாய்க்குள் போனால் அம்மாவே விரட்டிவிடுவார். வாசலில் நின்று கேட்பேன். மிஷின் ஓடும், நிற்கும். சக்கரம் சுற்றும் சத்தம் கேட்கும். மறுபடி ஓடும். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கேட்டது கிடைத்தவளுக்குச் சந்தோஷம்தானே இருக்க வேண்டும்? இருந்தது. யாராவது கூப்பிட மாட்டார்களா என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தீபாவளிக்கு முன்னால் மேடை முடிந்தது. மாமா ஒரு லோரியை இரவல் வாங்கி வந்தார். புக்கிட் பெருவாங்கில் புது வீட்டுக்காரம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கோபுரத்தைத் தொட்டார், ஓரத்து அலையை மேலிருந்து கீழே வரை தடவினார். அப்பாவின் நீட்டிய காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணே, இவ்வளவு வேலையும் நீங்களே செஞ்சதா? ஒத்தாசைக்கு ஆளு யாரும் இல்லியா?"

நான் அப்பாவின் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. நிமிர்ந்து நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"யாரும் இல்லீங்க. நான் ஒரு ஆளுதான்."

லோரியில் ஏறி உட்கார்ந்தோம். நடுவில் நான், ஓரத்தில் காலை நீட்டிக்கொண்டு அப்பா. மாமா வண்டியைச் செலண்டார் பக்கம் திருப்பப் போனார். அப்பா ஸ்டியரிங்கில் கையை வைத்துத் தடுத்தார்.

"இப்படியே சின்னம்மா வூட்டுக்கு விடு மச்சான். இவளுக்கு எந்த ரூமு குடுக்கறாங்கன்னு பாத்துட்டு வந்துருவோம். படிக்கறதுக்கு ஒரு மேசை செய்யணும், அளவெடுக்கணும்லா."